வெங்காயத்தாமரையும் வெள்ளிக் காலும்

தஞ்சாவூரில் இருந்துகொண்டு எனக்கு ஒரு இலை கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நான் பி.எச்.டி. சேர்ந்த வருஷம் எங்கள் லேபில் இலைக்குப் பஞ்சம் வந்திருந்தது.

விஷயம் இதுதான். ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. அந்த மருந்தோடு வெள்ளியின் நானோ துகள்களைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி சாகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. வெள்ளி உப்புக் கரைசலில் ஏதாவது ஓர் இலைச் சாற்றை ஊற்றினால் வெள்ளி, கண்ணுக்கே தெரியாத பொடியாகப் பிரிந்து நிற்கும். அநேகமாக எந்த இலையை ஊற்றினாலும் பிரியும். தகராறே அதில்தான். எங்கள் சீனியர்கள் ஆளுக்கொரு செடியைப் பிடித்துக்கொண்டு டாக்டர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். வேப்பிலை போய்விட்டது, துளசி போய்விட்டது, நொச்சி போய்விட்டது. கொய்யாவுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டு, கடைசியில் ஒருத்தருக்கு இலை, ஒருத்தருக்குப் பட்டை என்று பாகம் பிரித்தார்களாம். "யாரும் தொடாத செடியாப் பாத்துட்டு வாம்மா," என்று என் கைடு சார் என்னிடம் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

நான் சித்தப்பாவுக்கு போன் பண்ணினேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். நன்னிலம் பக்கத்தில் விவசாயம். செடி என்றால் வேறு யாரைக் கேட்பது?

"யாருக்கும் வேண்டாத செடி ஏதாவது இருக்கா சித்தப்பா?"

"வாய்க்கா பூரா வெங்காயத்தாமரை கெடக்கே. தண்ணியவே விடமாட்டேங்குது சனியன். எவ்வளவு வேணும்?"

"கொஞ்சம் போதும்."

கொஞ்சம் என்பது எனக்கு இரண்டு இலை. சித்தப்பாவுக்குக் கொஞ்சம் என்றால் ஒரு வண்டி. மறுநாள் காலையில் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டுவிட்டார். கேட்டுக்கு வெளியே ஒரு குட்டி யானை வண்டி நின்றது. அதில் மலையாக வெங்காயத்தாமரை. தண்ணீர் சொட்டச் சொட்ட, ஊதாப் பூவோடு. ஆராய்ச்சி நிலையத்துக்குள் வண்டியை விட யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று வாட்ச்மேனுக்குப் புரியவில்லை. பதிவேட்டில் பொருள் என்ற இடத்தில் "பூ" என்று எழுதி வைத்திருந்தார்.

"சித்தப்பா, ரெண்டு இலைதான் வேணும்."

"பின்ன என்ன, மீதியை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்க."

சித்தப்பா வண்டியிலிருந்து இறங்கும்போதுதான் பார்த்தேன். வலது காலில் ஈரத்துண்டைச் சுற்றியிருந்தார். வாய்க்காலில் இறங்கி அரித்து எடுத்தபோது உடைந்த பாட்டில் கீறிவிட்டதாம். குடிப்பவன் குடித்துவிட்டு வாய்க்காலில்தான் போடுகிறான். சித்தப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. "வலிக்குதா?" என்று கேட்டேன். "வலியே தெரியல பாப்பா," என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. சர்க்கரைக்காரர் காலில் கண்ணாடி ஏறியும் வலியே தெரியவில்லை என்றால் அது கெட்ட சேதி. அதை நான் பாடமாகவே படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நிம்மதியாக அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

மீதி வெங்காயத்தாமரையைத் தோட்டக்காரர் திட்டிக்கொண்டே அள்ளிக்கொண்டு போனார். அதில் இரண்டு செடி பூ அழகாக இருக்கிறதென்று வாட்ச்மேன் எடுத்து, டைரக்டர் அறைக்கு முன்னால் இருந்த அல்லிக்குளத்தில் விட்டார். இன்றைக்கு அந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். புண்ணுக்கு டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சித்தி சொன்னாள். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. "இந்தா, இதைப் போட்டுக்க," என்று ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கையில் வைத்தாள். வெந்நீரோடு முழுங்கிவிட்டுப் படுத்துவிட்டேன். அது என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லேபில் என் அதிர்ஷ்டம் திரும்பியிருந்தது. வெங்காயத்தாமரைச் சாற்றை ஊற்றியதும் கரைசல் மெதுவாக நிறம் மாறி, காப்பி டிகாஷன் மாதிரி நின்றது. வெள்ளி பிரிந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடித் தட்டில் கிருமியைப் பரப்பி, அதன் மேல் பொட்டு அளவு காகித வில்லைகளை வைத்து வளரவிடுவோம். ஒன்றில் ஆன்டிபயாட்டிக் மட்டும். ஒன்றில் வெள்ளி மட்டும். ஒன்றில் இரண்டும். ஒன்றில் ஒன்றுமே கிடையாது. அதற்குப் பெயர் கன்ட்ரோல். மருந்து வேலை செய்தது என்று சொல்ல வேண்டுமென்றால், மருந்தே கிடைக்காதவன் ஒருத்தன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மறுநாள் பார்த்தால் ஆன்டிபயாட்டிக் வில்லையைக் கிருமி மதிக்கவே இல்லை. வெள்ளியைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம். இரண்டும் சேர்ந்த வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி செத்து, எட்டணாக் காசு அகலத்துக்குத் தெளிவாக ஒரு வட்டம். நான் அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் அதற்கு முதல் இடம் கொடுப்பேன்.

ஏனென்றால் அதற்குள் சித்தப்பாவின் கால் கறுக்க ஆரம்பித்திருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு விரல் கறுத்து, வீக்கம் கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. புண்ணிலிருந்து எடுத்த சீழைப் பரிசோதித்து ரிப்போர்ட் வந்தது. வரிசையாக மருந்துப் பெயர்கள். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே, இது கேட்காது, இது கேட்காது என்று போட்டிருந்தது. சர்ஜன் ஒரு அம்மா. குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். "கடைசியா ஒரு மருந்து இருக்கு, டிரிப்புல போடுறோம். மூணு நாள் பாக்கலாம். இன்னும் ஏறுச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும்," என்றார். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சித்தப்பா கேட்டது ஒன்றுதான். "ஒத்தக் கால வச்சுகிட்டு வரப்புல நடக்க முடியுமாங்க?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கோபம் வந்தால் எனக்கு ஆளும் தெரியாது, இடமும் தெரியாது. வார்டு நடுவில் நின்றுகொண்டு விசாரித்தேன்.

"டாக்டர் குடுத்த மாத்திரையை ஒழுங்கா முடிச்சீங்களா இல்லயா?"

"முடிஞ்சுதே," என்றார் சித்தப்பா.

"யாரு முடிச்சா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக வெளியே வந்தது. அட்டையில் பத்து மாத்திரை. சித்தப்பா நாலு சாப்பிட்டார். புண் கொஞ்சம் வாடிய மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சித்திக்குச் சளி. அவளுக்கு இரண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல்வலி, அவருக்கு இரண்டு. குட்டி யானை டிரைவருக்கு உட்காருகிற இடத்தில் கட்டி, பாவம், அவருக்கு ஒன்று.

"முறை வச்சோம் பாப்பா," என்றார் சித்தப்பா, அதில் என்ன தப்பு என்கிற முகத்தோடு.

எங்கள் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இத்தனை நாள் மேல்மடைக்கு, இத்தனை நாள் கடைமடைக்கு. எல்லா வயலும் கொஞ்சம் நனைந்தால் போதும், எதுவும் காயாது. ஊரில் முறைத் தகராறு வந்தால் தீர்த்து வைக்கக் கூப்பிடுவதே சித்தப்பாவைத்தான். அந்த நியாயஸ்தர், ஐந்து நாள் மருந்தையும் ஒரு மடைகூட விடாமல் பாய்ச்சியிருக்கிறார்.

"அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? புகையானுக்கு அரை டோஸ் அடிச்சா என்ன ஆகும்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். பொழச்ச பூச்சி அப்புறம் எதுக்கும் அடங்காது."

"அதேதான் இது."

சித்தப்பா தன் காலைப் பார்த்தார். "பூச்சின்னு எழுதிக் குடுத்திருந்தா புரிஞ்சிருக்குமே," என்றார்.

"அது சரி, நாலும் ரெண்டும் ரெண்டும் ஒண்ணும் ஒன்பதுதானே. இன்னொரு மாத்திரை எங்க?" நான் விடுவதாயில்லை.

சித்தி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "அது நீ முழுங்கினதுடி. தொண்டை கட்டிருக்குன்னியே."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி சாப்பிடுவதால் வரும் கேடு பற்றி என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் நான் யாரையும் விசாரிக்கவில்லை. ஒரு அட்டையைப் பங்கு போட்டதில் மட்டும் கிருமி இப்படி ஆகிவிடாது, ஊர் உலகமே வருஷக்கணக்காகப் பங்கு போட்டதில் ஆனது என்று சர்ஜன் ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறவில்லை. என் செடிக்காக வாய்க்காலில் இறங்கிய கால். என் தொண்டையில் போன மாத்திரை.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் போட்டோ வேலையைக் காட்டியது. வெள்ளியில் கிருமி செத்த அந்தப் படத்தைச் சித்தி பார்த்துவிட்டாள். மறுநாள் சித்தி லேபுக்கே வந்துவிட்டாள். கையில் மஞ்சள் பை. மேஜை மேல் கவிழ்த்தாள். அவள் கொலுசு, குங்குமச் சிமிழ், துபாயில் இருக்கும் மகன் குழந்தையாக இருந்தபோது பால் குடித்த வெள்ளி டம்ளர்.

"எவ்வளவு வேணுமோ எடுத்துக்க. மருந்து பண்ணு."

"சித்தி, இது அப்படி இல்ல. எனக்கு ஒரு மாசத்துக்கே கடுகளவு வெள்ளி போதும்."

"கடுகளவு வெள்ளிக்கா அந்த மனுஷன் கால விட்டுட்டு உக்காந்துருக்க?"

பக்கத்து மேஜையில் ஒரு ஜூனியர் தலையைக் குனிந்துகொண்டாள். ஃப்ரிட்ஜில் அந்தக் காப்பி நிற பாட்டில் இருந்தது. சித்தி போன பிறகு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்லக் கூடாது, அதைப் பையில் போட்டுக்கொண்டு போகத்தான் எடுத்தேன். யாருக்கும் தெரியாமல் கட்டுக்குள் நாலு சொட்டு. கையே சில்லிட்டுப் போகும் வரை நின்றுவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தேன். அது கிருமியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவை என்ன செய்யும் என்று தெரியாது.

பாட்டிலுக்குப் பதில் நாலு பக்கம் ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு சர்ஜனிடம் போனேன். அந்த அம்மா உட்கார வைத்துப் படித்தார். "வெள்ளி கலந்த களிம்பு நாங்களே போட்டுட்டுதான் இருக்கோம். உன் கலவை நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இன்னும் தட்ட விட்டு இறங்கவே இல்லயேம்மா. எலிக்குக் குடுத்துப் பாத்தியா?"

"இல்ல மேடம்."

"அப்ப உங்க சித்தப்பாவ எலியாக்கச் சொல்றியா?"

இந்தக் கேள்வியைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே சரி என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வயல் விஷயம் பேசும் குரலில் ஆரம்பித்தார்.

"முதல்ல இது எப்படி வேல செய்யுதுன்னு சொல்லு."

"வரப்புல நண்டு வளை போட்டா என்ன ஆகும்?"

"தண்ணி ஓடிப்போயிரும்."

"கிருமிக்கும் வரப்பு உண்டு. மருந்தை உள்ள விடாம தடுக்குற வரப்பு. வெள்ளித் துகள் போயி அதுல வளை போடும். அந்த வழியா மருந்து உள்ள போவும்."

சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நண்டோடு சண்டை போட்டவர், நண்டு நம் பக்கம் சேர்ந்துகொண்ட செய்தியை முதல்முறையாகக் கேட்கிறார். "புது மருந்து வந்தா வேளாண்மை ஆபீசுலேர்ந்து வருவாங்கல்ல? ரோட்டோர வயலாப் பாத்து டெமோ பிளாட் போடுவாங்க. என் வயல்ல எத்தனை தடவ போட்டுருக்காங்க. அந்த மாதிரி என் கால டெமோ பிளாட்டா வச்சுக்க. போர்டு வேணும்னாலும் மாட்டிக்க."

"டெமோ பிளாட்டுன்னா, பக்கத்துலயே மருந்து அடிக்காத பாத்தி ஒண்ணு விடணும் சித்தப்பா."

"விட்டுக்க. கட்டை விரலுக்கு அடி, சுண்டு விரல விட்டுடு."

பக்கத்துக் கட்டில்காரர் அவர் காலையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ராத்திரிக்குள் அந்த வார்டில் மூன்று ஏக்கர் அளவுக்குக் கால்கள் பதிவாகியிருக்கும். நர்ஸ் வந்து எல்லோரையும் படுக்கச் சொன்னார். நான் முடியாது என்று சொன்னேன். "உன்ன நம்பித்தானே சொல்றேன்," என்றார் சித்தப்பா. "என்னை நம்பாதீங்க. மூணு நாள் அந்த டிரிப்பை நம்புங்க," என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. கைடு சார் மூலமாக எழுதிக் கேட்டு, சித்தப்பாவிடமும் கையெழுத்து வாங்கி, அவர் புண்ணில் இருந்த கிருமியையே எங்கள் லேபுக்கு வாங்கினேன். அதைத் தட்டில் வளர்த்தேன். நன்றாகத் தளதளவென்று வளர்ந்தது. எங்கள் குடும்பத்துக் கிருமி, கேட்பானேன். அதைப் புதுத் தட்டில் பரப்பி, மேலே நாலு வில்லையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மூன்றாம் நாள் வீக்கம் ஏறவில்லை. டிரிப் மருந்து பிடித்துக்கொண்டது. ஆனால் கறுத்த இரண்டு விரல்களையும் வைத்துக்கொண்டால் திரும்பவும் ஏறும் என்று, கட்டை விரலையும் அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. சித்தி, சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை லேபில் தட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டும் கலந்த வில்லையைச் சுற்றிப் பெரிய வட்டம். என் ஆராய்ச்சியிலேயே இவ்வளவு பெரிய வட்டம் வந்ததில்லை. குரூப்பில் போடவில்லை. போனை எடுத்துக்கொண்டு நேரே வார்டுக்குப் போய்ச் சித்தப்பாவிடம் காட்டினேன்.

"இது யாரு?"

"உங்க புண்ணுல இருந்தது."

"செத்துருச்சா?"

"செத்துருச்சு."

"எப்ப?"

"இன்னிக்குக் காலைல பாத்தேன்."

அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "பரவால்ல. தட்டுக்கு விரல எடுக்காமயே சரியாயிருச்சு," என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், தன் ஹார்லிக்ஸை எடுத்து எனக்குக் கொடுத்தார். குடித்தேன். இந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்குக் கொடுத்ததை ஒருத்தரே சாப்பிட்ட சரித்திரம் கிடையாது.

கால் பிழைத்தால் வெள்ளிக் கால் போடுவதாகச் சித்தி அம்மனுக்கு வேண்டியிருந்தாள். கண் நோய்க்குக் கண், கை வலிக்குக் கை என்று மெல்லிய வெள்ளித் தகட்டில் அடித்துக் கோயில் வாசலில் விற்பார்கள். புண் ஆறிய பிறகு மூன்று பேரும் போனோம். சித்தப்பா தனிச் செருப்புப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து நடந்தார். கடைக்கார அம்மா ஒரு வெள்ளிக் காலை எடுத்து நீட்டினாள்.

சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அஞ்சு விரல் இருக்கே."

"கால்னா அஞ்சு விரல்தாங்க இருக்கும்."

"எனக்கு மூணுதான். மூணு விரல்ல இருக்கா?"

"அப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லீங்க."

"அஞ்சா போட்டா சாமி கோச்சுக்குமா? வாங்கிட்டு வாங்க," என்றாள் சித்தி.

"சாமி அஞ்சையுமா காப்பாத்துச்சு? விளையாத நெல்லுக்கு எவனாவது குத்தகை அளப்பானா?"

கடைக்கார அம்மாவிடமே கத்திரிக்கோல் வாங்கினார். கண்ணாடியை மூக்கில் தூக்கி விட்டுக்கொண்டு, கட்டை விரலையும் அடுத்ததையும் வளைவு பிசகாமல் கத்தரித்து எடுத்தார். மூன்று விரல் காலைச் சித்தியிடம் கொடுத்து உண்டியலில் போடச் சொன்னார். கத்தரித்த இரண்டு விரலையும் விபூதிக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார்.

"இது உன் லேபுக்கு. நைசா அரைச்சுக்க."

"அரைச்சா அந்த மாதிரி ஆகாது சித்தப்பா."

"ஆனா ஆகுது, ஆகாட்டிப் போவுது. அடுத்தவனுக்காவது உன் மருந்து தட்ட விட்டு இறங்கட்டும்."

எலிச் சோதனைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். படிவங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கின்றன. அந்த இரண்டு வெள்ளி விரல்களையும் ஒரு சின்னக் குழாயில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் காப்பி நிற பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன வாரம் கைடு சார் ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுல லேபிளே இல்லயேம்மா. என்ன சாம்பிள் இது?"

"கன்ட்ரோல் சார்," என்றேன்.